முகமில்லா முகவர்கள்

தமிழில் ‘முகவர்’ என்னும் சொல்லுக்குள் முகம் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ஏஜென்ட்’டுக்கு அந்தப் பேறு இல்லை, செயலாற்றுபவன் என்பதற்கு மேல் அதன் லத்தீன் வேர் எதையும் சொல்வதில்லை. சொல்லாராய்ச்சிக் குறிப்பாக மட்டும் இதை எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் வணிக இதழ்களிலும் மேலாண்மைக் கருத்தரங்குகளிலும் சில காலமாக ஒரு துதிப்பாடல் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பாடலின் பொருள் இது: இனி நிறுவனம் என்பது நிலையாக இருக்கத் தேவையில்லை. ஒரு வேலை வரும். அதற்குரிய திறனுடைய நிறுவனங்களை மென்பொருள் முகவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும், தமக்குள் பேரம் பேசும், உடன்படும், ஒரு மெய்நிகர் கூட்டாண்மை உருவாகும். வேலை முடிந்ததும் அது கலைந்துபோகும். கட்டடம் இல்லை, பழைய கணக்கு இல்லை, பகையும் இல்லை.

தேடுவதிலும் பேரம் பேசுவதிலும் எந்திரம் நம்மைவிட வல்லதென்றால் எனக்கு மறுப்பில்லை. அந்தக் கலைந்துபோதலை ஒரு நற்பண்பாகப் பாடுகிறார்களே, அதனோடுதான் என் வழக்கு.

வணிக ஒப்பந்தத்துக்கும் இலக்கிய வாசகனுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒப்பந்தமும் ஒரு பிரதிதான். எண்பது, தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்கள் ரொலான் பார்த்தைப் பின்பற்றி ஆசிரியனின் மரணத்தைப் பக்கம் பக்கமாகக் கொண்டாடின. கவிதையில் ஆசிரியன் இறந்தால் வாசகன் பிறக்கிறான் என்றார்கள், இருக்கட்டும். ஒப்பந்தத்தில் ஆசிரியன் இறந்தால் பிறப்பது யார்? நட்டத்தைத் தலையில் சுமந்துகொண்டு வாசலில் நிற்கும் கடைசி ஆள். பிரதியை யார் எழுதினார் என்ற கேள்வி விமரிசகனுக்கு வேண்டாததாக இருக்கலாம். கூலி வராதவனுக்கு அதைவிட்டால் வேறு கேள்வி கிடையாது.

*

இந்தக் கனவு நேற்றுப் பிறந்ததன்று. ஜப்பானியப் போட்டியில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் திணறிக்கொண்டிருந்தபோது, 1991இல் லீஹை பல்கலைக்கழகத்தின் அயகோக்கா மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பல நிறுவனங்கள் தத்தம் சிறந்த திறனை மட்டும் கொண்டுவந்து ஒரு வாய்ப்புக்காகக் கூடிப் பின் பிரிவதை அது எதிர்காலத்தின் வழியாக முன்வைத்தது. மறு ஆண்டு டேவிடோவும் மலோனும் எழுதிய நூல் ‘மெய்நிகர் நிறுவனம்’ என்ற சொற்றொடரைப் பரப்பியது. கூடுவதற்குரிய பேச்சுமுறையோ கணினி அறிவியலில் அதற்கு முன்பே ஆயத்தமாக இருந்தது. 1980இல் ரீட் ஸ்மித் வகுத்த ஒப்பந்த வலை நெறிமுறை என்பது வேறொன்றுமில்லை, நம் பொதுப்பணித் துறை டெண்டர்தான். ஒரு முகவர் வேலையை அறிவிக்கும். இயன்றவை தம் ஒப்பந்தப்புள்ளியை அனுப்பும். அறிவித்தது ஒன்றைத் தேர்ந்து வேலையை ஒப்படைக்கும். பெற்றுக்கொண்ட முகவர் அந்த வேலையைத் துண்டாக்கித் தானும் ஒரு டெண்டர் விடலாம். அதைப் பெற்றது மேலும் துண்டாக்கலாம். இந்த உள்குத்தகைப் படிக்கட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப இதனிடம் வரவேண்டியிருக்கிறது.

1996இல் இத்தகைய முகவர்களுக்குப் பொதுமொழி வகுக்க ஃபிப்பா என்ற அமைப்பு தோன்றியது. மொழி ஆசிரியனாகிய எனக்கு இந்தப் பகுதியில்தான் உண்மையான ஆர்வம். ஜே.எல்.ஆஸ்டினும் ஜான் சர்லும் வளர்த்த பேச்சுச்செயல் கோட்பாட்டின் மேல் அந்த மொழியைக் கட்டினார்கள். சொல் என்பது செய்தி மட்டுமன்று, செயலும் ஆகும் என்ற கோட்பாடு. ‘வாக்களிக்கிறேன்’ என்று சொல்வதே வாக்களித்தலாகிவிடுகிறது. முகவர்களுக்கென ஃபிப்பா வரையறுத்த பேச்சுச்செயல்கள் மொத்தம் 22. முன்மொழிதல், ஏற்றல், மறுத்தல், வினவுதல், வேண்டுதல், அறிவித்தல், ‘புரியவில்லை’ என்று சொல்லுதல் எல்லாம் உண்டு. முயன்றேன், முடியவில்லை என்று தோல்வியை அறிவிக்கவும் ஒரு செயல் உண்டு. மன்னிப்புக் கேட்பதற்கு ஒன்று இல்லை. ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று சொல்லவும் ஒன்று இல்லை. பொறியாளர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. எந்திரம் மன்னிப்புக் கேட்பது நாடகமாகத்தான் இருக்கும். அதைச் சேர்க்காமல் விட்டது அவர்களுடைய நேர்மை. ஆனால் அந்த மொழியில் இல்லாத சொல்லை அந்த மொழியால் நடக்கும் வணிகத்தில் எங்கே தேடுவது?

அத்துறையில் ஆழ்ந்து உழைத்தவர்களுக்கு இது தெரியாமலில்லை. லூயிஸ் கமரின்யா மாத்தோஸ் முதலிய ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2004 முதல் 2008 வரை நடத்திய எகோலீட் திட்டத்தில் ஒரு கருத்தை வற்புறுத்தினார்கள். முன்பின் அறியாத நிறுவனங்கள் வெட்டவெளியில் சந்தித்து உடனே கூட்டாளியாவது எளிதன்று. நெடுங்காலம் ஒன்றையொன்று அறிந்த நிறுவனங்களின் நிலையான சங்கம் ஒன்று முதலில் வேண்டும். அந்த நாற்றங்காலில்தான் தற்காலிகக் கூட்டுகள் முளைக்கும் என்றார்கள். அதாவது, தற்காலிகமானது நிலையானதன் தோளில் ஏறித்தான் நிற்கமுடியும். இன்றைய துதிபாடிகள் ஏறி நிற்பவனைக் காட்டுகிறார்கள், தோளை மறைத்துவிடுகிறார்கள்.

*

முகவர்கள் தமக்குள் பேசிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்குப் புத்தகப் பிரியர்களுக்கேற்ற ஒரு வேடிக்கைக் கதை உண்டு. 2011 ஏப்ரலில், ஈயின் கரு வளர்ச்சியைப் பற்றிப் பீட்டர் லாரன்ஸ் எழுதிய அறிவியல் நூலொன்று அமேசானில் 2.3 கோடி டாலருக்கும் மேலான விலையில் நின்றது. இரண்டு விற்பனையாளர்கள் விலையை நிரல்களிடம் விட்டிருந்தார்கள். ஒருவருடைய நிரல், போட்டியாளர் விலையைவிடச் சற்றே குறைத்து வைத்தது. மற்றவருடையது, போட்டியாளர் விலையைக் காட்டிலும் ஏறத்தாழ 27 சதவீதம் கூட்டி வைத்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து ஏறிக்கொண்டே போயின. அஞ்சல் செலவு மட்டும் மாறாமல் 3.99 டாலர். யாரும் வாங்கவில்லை, ஆகவே சிரிக்கலாம்.

சிங்கப்பூரில் சிரிக்க முடியவில்லை. 2017 ஏப்ரல் 19ஆம் நாள் குவைன் என்ற மின்பண வணிகத் தளத்தில், கடவுச்சொல் மாற்றத்தின்போது நேர்ந்த கவனக்குறைவால், சந்தைக்கு விலைகாட்டும் நிரல் வேலை செய்யாமல் போனது. விலைகோரல்கள் வற்றின. கடன் வாங்கி வணிகம் செய்திருந்தவர்களின் இருப்பை விற்றுத் தீர்க்கும்படி தளத்தின் மென்பொருள் தானாகவே ஆணையிட்டது. எதிர்முனையில் இருந்தது பி2சி2 என்ற நிறுவனத்தின் மென்பொருள். சந்தையில் விலையே கிடைக்காத நேரத்துக்கென அதில் எழுதி வைக்கப்பட்டிருந்த விலையில் வணிகம் முடிந்தது. அது அன்றைய சந்தை விலையைப்போல் சுமார் 250 மடங்கு. மனிதர் யாரும் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் தளத்தார் அந்த வணிகங்களை ஒருதலையாக நீக்கினர். வழக்கு 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்தது. நீக்கியது ஒப்பந்த மீறலே என்பது தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பில் இலக்கிய மாணவர்கள் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒப்பந்தம் செய்தவர் பிழையான விலை என்று அறிந்தே செய்தாரா என்பது கேள்வி. எந்திரத்துக்கு அறிதல் இல்லை. எனவே நிரலை எழுதியவரின் மனத்தில், எழுதிய காலம் முதல் ஒப்பந்தம் விளைந்த காலம் வரை, என்ன இருந்தது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தேடினார்கள். ஆசிரியன் இறக்கவில்லை, நீதிமன்றம் அவரைத் தேடிப்பிடித்தது! ஆனால் அந்தத் தேடல் இயன்றதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த நிரல்கள் இட்டதை இட்டபடி செய்பவை. ஒரே நிலைமையில் ஒரே விடையைத்தான் தரும். இன்றைய பெருமொழி மாதிரிகளால் இயங்கும் முகவர்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றின் பேரப்பேச்சில் அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று அவற்றைச் செய்தவருக்கே உறுதியாகத் தெரியாது. இனி நீதிபதி யாருடைய மனத்தைத் தேடுவார்? சிங்கப்பூர்ச் சாவி இந்தப் பூட்டுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. பொருந்தும் என்று சட்டம் பயின்ற நண்பர்கள் யாரேனும் வாதிட்டால் கேட்கக் காத்திருக்கிறேன்.

*

கோடீசுவர நிறுவனங்கள் இரண்டின் வழக்கு அது. இருவருக்கும் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். படிக்கட்டின் அடியில் இருப்பவர்களைப் பார்ப்போம். ஆயத்த ஆடை வணிகம் பல பத்தாண்டுகளாகவே இந்த மெய்நிகர் கூட்டாண்மையின் முன்னோடி. ஒரு பருவத்துக்கான ஆர்டர். நூல் ஒரு நாட்டில், நெசவு இன்னொன்றில், தையல் மூன்றாவதில். பருவம் முடிந்தால் கூட்டு முடிந்தது. ஹாங்காங்கின் லீ அண்ட் ஃபங் நிறுவனம் ஆர்டருக்கு ஆர்டர் இப்படிச் சங்கிலி கோப்பதையே தொழிலாகக் கொண்டு மேலாண்மைப் பாடநூல்களில் இடம்பிடித்தது.

2012 நவம்பர் 24 அன்று டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. குறைந்தது 112 பேர் இறந்தார்கள். அங்கே தைக்கப்பட்டவற்றில் வால்மார்ட்டுக்கான ஆடைகளும் இருந்தன. தன் வழங்குநர் ஒருவர் அனுமதியின்றி உள்குத்தகைக்கு விட்டுவிட்டார் என்று அந்நிறுவனம் விளக்கியது. ஐந்து மாதம் கழித்து, 2013 ஏப்ரல் 24 அன்று, சாவாரில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். யாருக்காக அவர்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நிறுவ, தொழிலாளர் அமைப்பினர் இடிபாடுகளுக்குள் துணிச்சீட்டுகளையும் ஆர்டர் தாள்களையும் தேட வேண்டியிருந்தது. பிணங்களுக்கு நடுவே சட்டைக் கழுத்துச் சீட்டைத் தேடி எடுத்து, இன்ன நிறுவனமும் இந்தக் கூட்டில் இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கலைந்துபோகும் கூட்டாண்மையின் அழகை மேடையில் விளக்குபவர்கள் இந்தக் காட்சியையும் திரையில் ஒருமுறை போட்டுக்காட்டலாம்.

அங்கே மென்பொருள் முகவர்கள் இல்லை, மனிதத் தரகர்கள்தான் இருந்தார்கள் என்று மறுமொழி வரும். உண்மை. அந்த மனிதத் தரகர்கள் சங்கிலி கோக்க வாரக்கணக்கில் தொலைபேசியும் மின்னஞ்சலுமாக உழைத்தார்கள். அதனால் தாளாவது மிஞ்சியது, சீட்டாவது மிஞ்சியது. ஒப்பந்த வலையின் உள்குத்தகைப் படிக்கட்டில் நொடிக்கு நொடி இறங்கும் முகவர்கள் எதை மிச்சம் வைக்கும்?

அந்தச் சாவுகளுக்குப் பின் கிடைத்த தீர்வையும் கவனியுங்கள். 2013 மே மாதம் பன்னாட்டுத் தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் வங்கதேசத் தொழிற்சாலைகளின் தீ, கட்டடப் பாதுகாப்புக்கென ஓர் உடன்படிக்கை செய்தன. ஐந்தாண்டுக் காலம், சட்டப்படி கட்டுப்படுத்துவது, மீறினால் நடுவர் மன்றம். 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையெழுத்திட்டன. ஹேக் நகரின் நிலையான நடுவர் நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றன. நோய்க்குத் தரப்பட்ட மருந்து என்ன? இன்னும் வேகமான கூட்டாண்மையன்று. ஐந்தாண்டுக்குக் கலையக்கூடாது என்ற கட்டு.

வங்கதேசம் வரை போகவேண்டாம் என்றால் திருப்பூர் இருக்கிறது. பின்னல் ஓரிடம், சாயம் ஓரிடம், அச்சு ஓரிடம், தையல் ஓரிடம் என்று ஜாப் ஒர்க்கால் ஆன ஊர் அது. நொய்யலில் சாயக்கழிவு ஓடியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஆணை சரியே. ஆனால் அந்த நிறத்தைக் கேட்டவர்கள் கடல்கடந்த கடைகளில் இருந்தார்கள். அவர்களுடைய கூட்டு எப்போதோ கலைந்திருந்தது.

*

பழங்காலத்து வணிகம் பொற்காலம் என்று நான் சொல்ல வருவதாக யாரும் எண்ணவேண்டாம். அமிதாவ் கோஷின் ‘இன் ஆன் ஆண்டிக் லேண்ட்’ நூலைப் படித்தவர்களுக்குப் பொம்மாவைத் தெரியும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த யூத வணிகர் பென் யிஜுவின் அடிமை அவன். ஏடனுக்குச் சரக்கும் பணமுமாகச் சென்றுவந்த வணிக முகவரும் அவனே. அடிமைதான். ஆனால் ஏடனிலிருந்து பென் யிஜுவுக்கு எழுதும் வணிகர், கடிதத்தில் பொம்மாவுக்கும் தனியே வாழ்த்துச் சொல்கிறார். கெய்ரோவின் பழஞ்சுவடிக் குவியலிலிருந்து எண்ணூறு ஆண்டு கழித்து அவன் வெளியே வந்ததற்குக் காரணம், யாரோ அவன் பெயரை எழுதியிருந்தார்கள் என்பதே.

நம்மவர் பக்கத்தில் ப.சிங்காரத்தின் நாவல்கள் இருக்கின்றன. மலேயாவிலும் சுமத்ராவிலும் இருந்த வட்டிக்கடைகளின் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசை அவற்றின் வாசகர்களுக்கு மனப்பாடம். நகரத்தார் கடைகளின் ஏஜண்டு பொதுவாக மூன்றாண்டுக் கணக்கில் போனார், அதுவும் தற்காலிகம்தான். ஆனால் அவர் செய்த பத்திரத்தில் முதலாளி குடும்பத்தின் விலாசம், அந்த முன்னெழுத்து வரிசை, இருந்தது. அந்தக் கடைகள் பர்மாவில் நல்லது மட்டும் செய்யவில்லை. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது. 1938இல் அது 25 சதவீதம். நிலம் இழந்த பர்மிய உழவனுக்குத் தன்னைக் கெடுத்தவன் பெயர் தெரிந்திருந்தது. வழக்காடவும் சண்டையிடவும் வெறுக்கவும் அவனுக்கு ஒரு விலாசம் இருந்தது. அறம் இல்லாத இடத்தில்கூட விலாசம் இருந்தது என்பதுதான் நான் சொல்வது.

*

சிறு நிறுவனங்களுக்கு இது வரப்பிரசாதம் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். பத்து எந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்காரர் பெரிய வாடிக்கையாளரின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. முகவர் அவரைத் தேடிவரும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் தேடிவந்த முகவர் பணம் தராமல் மறைந்தால் அந்தப் பட்டறைக்காரர் யாரைத் தேடிப் போவார்? பெரிய நிறுவனத்துக்கு ஒரு கூட்டாண்மை கலைவது கணக்கில் ஒரு வரி. பத்து எந்திரக்காரருக்கு அது வங்கித் தவணை. (ஆண்டுதோறும் நீட்டிப்பு ஆணைக்காகக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர்களோடு ஆசிரியர் அறையில் பல்லாண்டு உட்கார்ந்தவன் நான். ‘நெகிழ்வு’ என்ற சொல் யார் வாயில் இனிக்கும், யார் வாயில் கசக்கும் என்று எனக்கு யாரும் விளக்கவேண்டாம்.)

எல்லாம் பதிவாகிறதே என்பது இன்னொரு வாதம். பதிவு வேறு, பொறுப்பு வேறு. கூட்டாண்மை கலைந்தபின் அந்தப் பதிவை வைத்திருப்பது யார், கேட்டால் தரவேண்டியவர் யார் என்ற கேள்விக்கு விடை இல்லாதவரை அது ஆற்றில் எழுதிய எழுத்து. 2025 செப்டம்பரில் கூகுள் அறிவித்த முகவர் கட்டண நெறிமுறை, வாங்குபவர் தன் முகவருக்குத் தந்த ஆணையைக் கையொப்பமிட்ட ஆவணமாக்குகிறது. நல்ல தொடக்கம் என்று தயங்காமல் சொல்வேன். பணம் கட்டும் இடத்தில் கையொப்பம் வேண்டும் என்பது எல்லாருக்கும் உடனே விளங்கிவிடுகிறது. பட்டறைப் பக்கத்திலும் அதே கையொப்பத்தைக் கேட்டால் மட்டும் ‘புதுமைக்குத் தடை’ என்று ஏன் முணுமுணுப்பு எழுகிறது?

நம் சட்டம் இதில் அவ்வளவு பின்தங்கியதும் அன்று. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 182ஆம் பிரிவில் முகவர் என்பவர் ஓர் ஆள் என்று சொல்கிறது. அதன்படி மென்பொருள் முகவரே ஆகாது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 11ஆம் பிரிவில் அடுத்த அடியை வைத்தது: ஒருவர் தானாக இயங்கும்படி அமைத்த கணினி அமைப்பு அனுப்பும் மின்பதிவு, அந்த ஒருவர் அனுப்பியதாகவே கொள்ளப்படும். தெளிவான விதி. ஆனால் அது அந்த ‘ஒருவர்’ யாரென்று நமக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. ஐந்தாறு படிக்கட்டு இறங்கிய உள்குத்தகையில், நேற்றுக் கூடி இன்று கலைந்த கூட்டில், அந்த ஒருவரைச் சுட்ட விதி மட்டும் போதாது.

ஆகவே கேட்கவேண்டியதைக் கேட்போம். பேரம் பேசவரும் ஒவ்வொரு மென்பொருளும் தன்னை அனுப்பியவரின் சட்டப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் முதல் விலையைச் சொல்லவேண்டும். உள்குத்தகைக்கு இறங்கும் ஒவ்வொரு படியிலும் மேலுள்ள பெயர்கள் அத்தனையும் கூடவே இறங்கவேண்டும். கூட்டு கலைந்தபின்னும் குறிப்பிட்ட காலத்துக்கு, கூலிக்கும் விபத்துக்கும் ஈடாக ஒரு வைப்புத்தொகை கலையாமல் இருக்கவேண்டும். இவற்றில் எதுவும் தொழில்நுட்பத்தால் இயலாததன்று. நொடியில் பேரம் முடிக்கும் எந்திரத்துக்கு ஐந்து பெயரைச் சுமப்பது என்ன பாரம்?

வெவ்வேறு நிறுவனங்களின் முகவர்கள் ஒன்றோடொன்று பேச, 2025 ஏப்ரலில் கூகுள் வெளியிட்ட நெறிமுறையில் ஒவ்வொரு முகவருக்கும் ஓர் அடையாள அட்டை உண்டு. முகவரின் பெயர், முகவரி, திறன்கள் எல்லாம் அதில் கட்டாயம் நிரப்பவேண்டியவை. அதை இயக்கும் நிறுவனம் எது என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அந்த ஆண்டு வெளிவந்த வரையறையில் அது விருப்பக் கட்டம்; நிரப்பாமலும் விடலாம்.